சுருள்பாசி நீலம்: கடலூர் வெயிலில் நிறமி வளர்ப்பது எப்படி

கடலூர், புதுச்சேரி பக்கம் ஸ்பைருலினா என்கிற சுருள்பாசியை, உணவுக்கு நிறமேற்றும் நீல நிறமிக்காக வளர்க்கலாமா என்று விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கைக் கையிலேயே வைத்திருப்பார்கள். நம் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை. பாசி வெயிலில் வளரும். ஆகவே நிறமியும் கொட்டும். இந்தக் கணக்கில் முதல் இரண்டு வரி சரி, மூன்றாவதில்தான் சிக்கல். பாசியின் எடை வேறு, அதற்குள் இருக்கும் நீலத்தின் அளவு வேறு. வெயில் ஓர் அளவைத் தாண்டினால் எடை ஏறுவது நின்றுபோகும். நீலமோ அதற்கு வெகு முன்பே குறைய ஆரம்பித்துவிடும். ஏன் அப்படி என்பது பிடிபட்டுவிட்டால், தொட்டியை எங்கே வைப்பது, எவ்வளவு நிழல்வலை போடுவது, எந்த நேரத்தில் வடிப்பது, எப்படிக் காயவைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாகவே வந்துவிடும்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடலாம். சயனோபாக்டீரியா என்பதை நாம் நீலப்பச்சைப் பாசி என்கிறோம். பெயரில் பாசி இருந்தாலும் இது பாக்டீரியா. உயிரணுவுக்குள் உட்கரு கிடையாது. ஆனாலும் செடிகொடிகளைப் போலவே ஒளிச்சேர்க்கை செய்து, ஆக்சிஜனை வெளியே விடும். நெல் விவசாயிகளுக்கு இது புதிதில்லை. வயலில் அசோலா விட்டிருந்தால், அந்த இலைகளுக்குள் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவது அனபினா என்ற சயனோபாக்டீரியாதான். மழைக்காலம் முடிந்ததும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கறுப்பாகப் படர்ந்திருக்கிறதே, அதில் பெரும்பகுதியும் இந்தக் கூட்டம்தான். அந்தக் கறுப்புக்குக் காரணம் சைட்டோனெமின் என்ற நிறமி. வெயிலின் புற ஊதாக்கதிரிலிருந்து தப்பிக்க அவை தாங்களாகவே பூசிக்கொள்ளும் பூச்சு அது. நீலம், கறுப்பு, ஆரஞ்சு, சில இனங்களில் ரோஜாச் சிவப்பு என்று இந்தக் குடும்பத்துக்குள் நிறங்களுக்குப் பஞ்சமே இல்லை.

வியாபாரத்துக்கு வந்திருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சுருள்பாசி என்கிற ஸ்பைருலினா. ஆய்வாளர்கள் அதை ஆர்த்ரோஸ்பைரா என்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் சுருள் சுருளான நூல். தமிழ்நாட்டில் இதற்கு நல்ல பழக்கம் உண்டு. சென்னையில் இருக்கும் முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம், சி. வி. சேஷாத்ரி இயக்குநராக இருந்த காலத்தில், கிராமத்துப் பெண்கள் சிறிய அளவில் வளர்க்கக்கூடிய முறைகளில் நிறைய வேலை செய்தது. புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய அளவில் வளர்க்கிறார்கள். பாண்டிக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் ஒரு பண்ணை பல வருடங்களாக நடக்கிறது. ஆகவே நம் தட்பவெப்பத்தில் இது வளருமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்தாயிற்று. ஆனால் அந்த வளர்ப்பெல்லாம் பெரும்பாலும் சத்துணவுக்காக. நிறமிக்காக வளர்ப்பதென்றால் சில விஷயங்களை மாற்றிச் செய்ய வேண்டியிருக்கும்.

பச்சைக்குள் நீலம்

"ஏன் தம்பி, தொட்டி முழுக்கப் பச்சையாத்தானே இருக்கு, நீலம் எங்கேருந்து வரும்?" என்று குறிஞ்சிப்பாடிப் பக்கத்து அக்கா ஒருவர் கேட்டார். இந்தத் தொழிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

சுருள்பாசியில் பச்சையம் இருக்கிறது. அது நீல ஒளியையும் அடர்சிவப்பு ஒளியையும் நன்றாக உறிஞ்சும். இடையிலுள்ள ஆரஞ்சு நிற ஒளியில் அது கொஞ்சம் மந்தம். அந்த இடைவெளியை நிரப்ப சயனோபாக்டீரியா வைத்திருக்கும் நிறமிதான் பைகோசயனின். ஏறத்தாழ 620 நானோமீட்டர் அலைநீளத்தில் அது ஒளியைப் பிடிக்கிறது. ஆரஞ்சையும் சிவப்பையும் விழுங்கிவிட்டு மிச்சத்தை விட்டுவிடுவதால் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. பச்சையமும் பைகோசயனினும் ஒன்றாக இருக்கும்போது தொட்டி கருநீலப்பச்சையாக இருக்கும்.

ஓட்டுவீட்டுத் தாழ்வாரத்தில் மழைத்தண்ணீர் பிடிக்கத் தகரம் அடித்து, அதன் வாயில் குடத்தை வைப்பார்கள். பைகோசயனின் அந்தத் தகரம், பச்சையம் குடம். தகரம் தானாக எதையும் சேமித்து வைக்காது. பரந்த இடத்தில் விழுவதைத் திரட்டிக் குடத்துக்கு அனுப்பும், அவ்வளவுதான். தூறல் மட்டுமே விழும் இடத்தில் நீளமான தகரம் வேண்டும். கொட்டோகொட்டென்று கொட்டும் இடத்தில் குடம் நொடியில் நிரம்பிவிடும், தகரத்துக்கு வேலையே இல்லை. பாசியும் இதே கணக்கைத்தான் போடுகிறது. ஒளி குறைவாக இருந்தால் பைகோசயனினைக் கூட்டும். ஒளி மிதமிஞ்சினால் குறைக்கும். உச்சிவெயிலில் திறந்து கிடக்கும் தொட்டியில் பாசி மஞ்சள் தட்டிப்போவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பசி. பைகோசயனின் ஒரு புரதம். புரதமென்றால் அதில் நைட்ரஜன் இருக்கும். தொட்டியில் நைட்ரேட் தீர்ந்துபோனால் பாசி தன் பைகோசயனினையே உடைத்து அந்த நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். ஓரிரு நாளிலேயே நிறம் வெளிறிவிடும். பாசி செத்துவிட்டது என்று பயந்து தொட்டியைக் காலி செய்கிறவர்கள் உண்டு. சாகவில்லை, சேமிப்பை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறது. நைட்ரேட் போட்டால் மறுபடி நீலம் ஏறும்.

அந்தப் புரதத்தின் அமைப்பையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுவது நல்லது, பின்னால் வரும் தொல்லைகளெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. நிறத்தைத் தருவது புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பைகோசயனோபிலின் என்ற சின்ன மூலக்கூறு. மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபினுக்கு இது நெருங்கிய சொந்தம். இரண்டுமே இரத்தத்திலுள்ள ஹீமின் வழியில் வருபவை. புரதம் இந்த மூலக்கூறை நீட்டிப் பிடித்து வைத்திருக்கும்வரைதான் பளிச்சென்ற நீலம். சூட்டிலோ புளிப்பிலோ புரதம் குலைந்தால் மூலக்கூறு சுருண்டுகொள்ளும், நிறம் போய்விடும். மூலக்கூறு அங்கேயேதான் இருக்கும், பிடித்து வைக்க ஆள் இருக்காது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம்

தொட்டி கட்டுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கச் சொல்வேன். கடையில் கிடைக்கும் சுருள்பாசித் தூள் ஒரு தேக்கரண்டி, சுத்தமான தண்ணீர் 100 மில்லி. கலக்கி ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். உறைநிலைப் பெட்டியில் வேண்டாம், கீழ்த்தட்டு போதும். காலையில் ஆட்டாமல் எடுத்தால் அடியில் பச்சை வண்டல், மேலே நீலத் தண்ணீர். பச்சையம் தண்ணீரில் கரையாது, பைகோசயனின் கரையும். பிரித்தெடுப்பின் அடிப்படை இதுதான். காபி வடிதாளிலோ நாலாக மடித்த கைக்குட்டையிலோ மெதுவாக வடித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் நல்ல நீலம். அப்புறம் அறையை இருட்டாக்கி, கிளாஸுக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்றை வைத்து, பக்கவாட்டிலிருந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். அதே தண்ணீர் இரத்தச் சிவப்பாக மின்னும். பிடித்த ஒளியை ஒப்படைக்கப் பச்சையம் பக்கத்தில் இல்லாததால், பைகோசயனின் அதைச் சிவப்பொளியாக வெளியே விடுகிறது. முதல்முறை பார்ப்பவர்கள் கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

இப்போது அந்த நீலத்தை நான்காகப் பிரியுங்கள். ஒன்றைச் சூடான தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் வெளிறிச் சாம்பல் தட்டும். இரண்டாவதில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுங்கள். கலங்கி, திரிதிரியாகி, அடியில் தங்கும். மூன்றாவதை வெயில் படும் ஜன்னலில் வைத்தால் மெல்ல மங்கும். நான்காவதை ஃபிரிட்ஜிலேயே விடுங்கள், நீலம் நிற்கும். சூடு, புளிப்பு, வெளிச்சம் மூன்றும் பைகோசயனினின் எதிரிகள் என்று எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் இவ்வளவு தெளிவாகப் பதியாது. சுமாராக 45 டிகிரி செல்சியஸ் தாண்டினால் கரைசலில் நீலம் இறங்கத் தொடங்குகிறது. கரைசலின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.ஹெச். எண் 5.5 முதல் 6 வரையிலான இடம் அதற்கு மிகப் பாதுகாப்பானது. 4க்குக் கீழே போனால் திரியும்.

இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. தூளை ஊறவைத்தும் நீலமே வராமல் பழுப்புப் பச்சையாக நின்றால், அந்தத் தூளை அதிகச் சூட்டில் காயவைத்திருக்கிறார்கள், அல்லது வெகுநாள் வெளிச்சத்தில் கிடந்திருக்கிறது. வாங்கும் தூளின் யோக்கியதையைப் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

தொட்டியும் தண்ணீரும்

ஐந்து மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 20 செ.மீ. தண்ணீர். ஆயிரம் லிட்டர். ஆரம்பிப்பவருக்கு இது போதும், கணக்கும் சுலபம். செங்கல் அடுக்கி, அசோலா குழிக்கு விரிக்கிறோமே, அந்தச் சில்பாலின் தாளையே விரிக்கலாம். கறுப்புத் தாள் வேண்டாம், சூட்டை இழுக்கும்.

சுருள்பாசி இயற்கையில் உவர்க்காரம் மிகுந்த ஏரிகளில் வளர்வது. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக இதை அள்ளிக் காயவைத்துத் தின்கிறார்கள். அந்தத் தண்ணீரை நாம் தொட்டியில் உண்டாக்க வேண்டும். 1966இல் சாரூக் என்பவர் தன் முனைவர் ஆய்வேட்டில் எழுதிய கலவைதான் இன்றுவரை எல்லோரும் தொடங்கும் இடம். லிட்டருக்கு 16.8 கிராம் சமையல் சோடா, 2.5 கிராம் சோடியம் நைட்ரேட், சாதா உப்பும் பொட்டாசியம் சல்பேட்டும் ஒவ்வொரு கிராம், டைபொட்டாசியம் பாஸ்பேட் அரை கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.2 கிராம், அப்புறம் இரும்பு, கால்சியம், நுண்சத்துகள் துளித்துளியாக. நம் ஆயிரம் லிட்டருக்குச் சோடா மட்டும் கிட்டத்தட்ட 17 கிலோ. சிறு பண்ணைகளில் இதைப் பாதியாகக் குறைத்தும் ஓட்டுகிறார்கள். சோடாதான் பாசிக்குக் கரி, அதாவது கார்பன், தரும் உணவு, அதேசமயம் காவல்காரனும். பி.ஹெச். 9.5 முதல் 10.3 வரை இருக்கும் தண்ணீரில் மற்றப் பாசிகளும் புழுபூச்சிகளும் சுலபத்தில் தலைகாட்டாது. பாசி கரியை எடுக்க எடுக்க பி.ஹெச். ஏறும். 10.5ஐத் தாண்டினால் புதிய சோடா சேர்க்க வேண்டும்.

நைட்ரேட்டுக்குப் பதில் யூரியா போட்டால் மலிவுதானே என்று கேட்பார்கள். போடலாம், தினம் கொஞ்சமாக மட்டும். இவ்வளவு காரமான தண்ணீரில் யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா கூடிவிட்டால் அதுவே பாசிக்கு நஞ்சு. பழகும்வரை நைட்ரேட்டோடு நில்லுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கடலோரக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். நம் போர்த்தண்ணீர் பல இடங்களில் கடினத்தண்ணீர். சோடாவும் பாஸ்பேட்டும் போட்ட உடனே கால்சியமும் மெக்னீசியமும் வெள்ளையாகத் திரண்டு அடியில் படியும். கூடவே நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாஸ்பேட்டும் இறங்கிவிடும். பாசி வடிக்கும்போது அந்த வெள்ளைச் சுண்ணாம்பும் துணியில் வரும். கோடையில் இது இன்னும் மோசமாகும். ஒரு நாளில் 6 மில்லிமீட்டர் ஆவியானால் நம் தொட்டியில் 30 லிட்டர் போய்விடும். அதைக் கடினத்தண்ணீரால் நிரப்பினால் தினமும் உப்பு சேர்ந்துகொண்டே போகும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் சிறப்பு. இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர்.

தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய பண்ணையில் துடுப்புச் சக்கரம், நம் அளவுக்கு மீன்தொட்டி மோட்டாரும் துடைப்பமும் போதும். கலக்காத தொட்டியில் மேலே மிதக்கும் பாசி வெயிலில் வேகும், அடியில் கிடப்பது பட்டினி கிடக்கும்.

கத்திரியில் என்ன செய்வது

சுருள்பாசி நன்றாக வளரும் சூடு 35 டிகிரிக்கு அக்கம்பக்கம். 20க்குக் கீழே சோம்பிவிடும். 40க்கு மேல் தொல்லை. நம் ஊரில் மார்கழி, தையில்கூடப் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் சித்திரை, வைகாசியில். 20 செ.மீ. தண்ணீர்தானே, மதியம் இரண்டு மணிக்கு வெப்பமானியை விட்டுப் பார்த்தால் காற்றைவிடத் தண்ணீர் சூடாக இருக்கக்கூடும். கடற்காற்று ஏறும் தேவனாம்பட்டினத்துக்கும், அது போய்ச் சேர நேரமாகும் நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்துக்கும் இதில் வித்தியாசம் தெரியும். உள்ளே போகப் போக நிழல் கூடுதலாக வேண்டும்.

ஐம்பது சதவீத நிழல்வலை ஒன்று, தொட்டிக்கு மேலே ஆள் நிற்கும் உயரத்தில், நாலாபக்கமும் காற்று போகும்படி. இது தொட்டியின் சூட்டையும் குறைக்கும், பாசியின் நீலத்தையும் கூட்டும். தென்னங்கீற்றுப் பந்தலும் சரிதான், தூசு விழாமல் அடியில் கொசுவலை கட்டினால் போதும். சத்துணவுக்காக வளர்ப்பவர் வலையைச் செலவாகப் பார்ப்பார். நிறமிக்காக வளர்ப்பவருக்கு அது முதலீடு. என் அபிப்பிராயத்தில் கலவையில் நாலு காசு மிச்சம் பிடிக்கலாம், வலையில் பிடிக்கக் கூடாது.

வலையைத் தவிர இன்னொரு நிழலும் இருக்கிறது, அது காசில்லாமல் கிடைப்பது. பாசியேதான். தொட்டி அடர்த்தியாக இருந்தால் ஒரு நூல் இன்னொன்றுக்கு நிழல் தரும். ஒரு குச்சியின் முனையில் வெள்ளை மூடியொன்றை ஆணியடித்து, அதைத் தண்ணீரில் இறக்குங்கள். எத்தனை செ.மீ. ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பாருங்கள். மூன்று செ.மீ.யிலேயே மறைந்தால் வடிக்கிற பருவம். வடித்த பிறகும் ஐந்து செ.மீ.க்குள் மறைய வேண்டும், அதற்கு மேல் வடித்து நீர்த்துப்போக விட்டால் மறுநாள் வெயில் தாக்கும். புதிதாகத் தொட்டி ஆரம்பிப்பவர்கள் அடிபடுவதும் இங்கேதான். விதையாக விடும் தாய்ப்பாசியை ஐந்து லிட்டர் வாங்கிவந்து நேராக ஆயிரம் லிட்டரில் கொட்டினால், அத்தனை மெலிந்த பாசிக்கு நிழல் தர யாரும் இல்லை, ஒரே நாளில் வெளுத்துவிடும். ஐந்தை 20 ஆக்கி, 20ஐ 80 ஆக்கி, படிப்படியாகத்தான் போக வேண்டும். அதுவும் முதல் நாட்களில் கூடுதல் நிழலில்.

இரவும் கணக்கில் வரும். இருட்டில் பாசி ஒளிச்சேர்க்கை செய்யாது, மூச்சு மட்டும் விடும். பகலில் சேர்த்த மாவுச்சத்தை எரிக்கும். வெக்கையான இரவில் அந்த எரிப்பு அதிகம், எடை குறையும். ஆனால் எரிவது பெரும்பாலும் மாவுச்சத்து என்பதால், விடிகாலையில் பாசியில் புரதத்தின் பங்கு கூடியிருக்கும். வடிப்பது சூரியன் ஏறுவதற்குள் என்று சொல்வது இதனால்தான். தண்ணீரும் அப்போது குளிர்ச்சியாக இருக்கும்.

வடிப்பது, காயவைப்பது, பிரிப்பது

நூல் நூலாக இருப்பதால் சுருள்பாசியை நெருக்கமான துணியிலேயே வடித்துவிடலாம். தனித்தனி உயிரணுவாக மிதக்கும் மற்றப் பாசிகளுக்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும். சுருள்பாசி உலகெங்கும் பரவியதில் இந்தச் சௌகரியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வடித்ததை நல்ல தண்ணீரில் சட்டென்று ஒருமுறை அலசி, பிழிந்தால் கரும்பச்சை விழுது. நம் சூட்டில் இது சில மணி நேரத்தில் நாற்றமெடுத்துவிடும். ஆகவே அடுத்த வேலை உடனே நடக்க வேண்டும்.

கிராமங்களில் விழுதை இடியாப்ப அச்சில் பிழிந்து, நூலாக்கி, வெயில் பெட்டியில் காயவைப்பார்கள். சீக்கிரம் காயும், கெடாது. சத்துணவுக்குச் சரி. ஆனால் மூடிய வெயில் பெட்டிக்குள் சூடு 60 டிகிரிவரை ஏறுவது சாதாரணம். நீலத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். நேர்வெயிலில் பாய் விரித்துக் காயவைத்தால் சூட்டோடு வெளிச்சமும் சேர்ந்து தாக்கும். நிறமிக்கென்றால் நிழலில், விசிறிக் காற்றில், 45 டிகிரிக்குள். மெதுவாகக் காய்ந்தால் கிருமி பெருகும் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் நூலை மெல்லியதாகப் பிழிந்து, காற்றை வேகமாக விடுவது. ஈரப்பதம் அதிகமுள்ள கடலோர மாதங்களில் இது இழுபறிதான்.

இன்னொரு வழி, காயவைக்கவே செய்யாமல் ஈரவிழுதிலிருந்தே நீலத்தை எடுப்பது. பச்சை விழுதில் உயிரணுச் சுவர் உடைந்திருக்காது. உறைநிலைப் பெட்டியில் உறையவைத்து, வெளியே எடுத்து இளகவிட்டு, மறுபடி உறையவைத்தால் உள்ளே உருவாகும் பனிப்படிகங்கள் சுவரைக் கிழித்துவிடும். பிறகு பி.ஹெச். 7 அளவில் வைத்த குளிர்ந்த பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்தால் நீலம் இறங்கும். வண்டலைப் பிரித்து, தேவைப்பட்டால் அம்மோனியம் சல்பேட் சேர்த்துப் புரதத்தைத் திரட்டி எடுப்பார்கள். இந்தக் கடைசிக் கட்டத்தைச் சமையலறையில் செய்ய வேண்டாம், அதற்கு ஆய்வகம் இருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்? நன்றாக நடக்கும் திறந்த தொட்டியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் உலர்ந்த பாசி 5 முதல் 10 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஐந்து சதுர மீட்டர் தொட்டியில் 6 கிராம் வீதம் 30 கிராம். அதில் 12 சதவீதம் பைகோசயனின் இருந்தால் 3.6 கிராம். பிரிக்கும்போது பாதி போனால் கையில் நிற்பது இரண்டு கிராமுக்குள். அளவு சின்னதுதான். அதனால்தான் பாசியின் எடையைவிட அந்த 12 சதவீதத்தை 15 ஆக்குவது எப்படி என்று நிறமிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

தரத்தை அளக்க ஒளிமானி இருக்கும் ஏதாவது கல்லூரி ஆய்வகம் போதும். 620 நானோமீட்டரில் உறிஞ்சும் ஒளியை 280இல் உறிஞ்சும் ஒளியால் வகுப்பார்கள். 620 பைகோசயனினைச் சொல்லும், 280 மொத்தப் புரதத்தைச் சொல்லும். விகிதம் 0.7 இருந்தால் உணவுத் தரம். 4ஐத் தாண்டினால் ஆய்வகத்துக்கு விற்கும் தரம், விலை எங்கேயோ போய்விடும். நம் தொட்டிக்கும் அந்தத் தரத்துக்கும் நடுவில் நிறைய சுத்திகரிப்பு இருக்கிறது.

எதில் போடலாம், எதில் முடியாது

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் கலந்திருப்பது தெரியவந்து, முதலில் புதுச்சேரியிலும் பிறகு தமிழ்நாட்டிலும் அதற்குத் தடை வந்தது. அதிலிருந்து இயற்கை நிறம் என்ற பேச்சு கூடியிருக்கிறது. மஞ்சளுக்கு மஞ்சளே இருக்கிறது, சிவப்புக்குப் பீட்ரூட். இயற்கையில் நீலம்தான் அரிது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2013இல் சுருள்பாசிச் சாற்றை மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் நிறமாக அனுமதித்த பிறகுதான் இதன் சந்தை சூடுபிடித்தது.

ஆனால் எல்லாவற்றிலும் போட முடியாது. பாண்டி கடற்கரைச் சாலையில் விற்கும் ஐஸ்கிரீமுக்கு இது கனகச்சிதம். குளிர்ச்சி, புளிப்பில்லை, உறைபெட்டிக்குள் இருட்டு. பால்கோவா, கேக் மேல் பூசும் கிரீம், ஆறிய பிறகு தூவும் சர்க்கரை என்றாலும் சரி. கரைசலில் சர்க்கரை அதிகமிருந்தால் நீலம் இன்னும் கொஞ்சம் தாங்கும். எலுமிச்சை சோடாவில் போட்டால் திரிந்துவிடும். கொதிக்கும் பாகில் போட்டால் நிறம் நிற்காது. பானத்துக்கு நீலம் வேண்டுமென்றால் நம் வேலியோரத்துச் சங்குப்பூ இருக்கிறது. அதுவும் எலுமிச்சை பட்டால் ஊதாவாகிவிடும், ஆனால் திரியாது. புளிப்பைத் தாங்கும் நீலம் கால்டியேரியா என்ற செம்பாசியிலிருந்து வருகிறது. வெந்நீர் ஊற்றுகளின் அமிலத்தில் வாழும் பாசி அது. 2025 மே மாதத்தில் அமெரிக்கா அதற்கும் அனுமதி தந்திருக்கிறது.

துணிச்சாயத்துக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், ஆகாது. அவுரி நீலம் காற்றுப்பட்டதும் தண்ணீரில் கரையாத பொருளாக மாறி நூலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்தக் கெட்டித்தனத்தால்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலிருந்து நீலத்துணியைக் கப்பலேற்றி, செனகலில் பணத்துக்குப் பதிலாகவே அதைக் கொடுத்து வியாபாரம் செய்ய முடிந்தது. பைகோசயனின் தண்ணீரில் கரையும் புரதம். முதல் சலவையில் பாதி போகும், மீதியை வெயில் தின்றுவிடும்.

எச்சரிக்கை இரண்டு

ஊசுட்டேரியிலோ பாகூர் ஏரியிலோ கோயில் குளத்திலோ பச்சையாக மிதக்கிறதென்று அள்ளிவந்து வளர்க்காதீர்கள். நம் ஏரி குளங்களில் திரளும் நீலப்பச்சைப் பாசிகளில் மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியவை. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. தாய்ப்பாசியைத் தூய வளர்ப்பு வைத்திருக்கும் இடத்திலிருந்துதான் வாங்க வேண்டும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் சயனோபாக்டீரியாவுக்கென்றே தேசிய ஆய்வு மையம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பக்கம். எங்கே யாரிடம் வாங்கலாம் என்று இப்படிப்பட்ட இடங்களில் விசாரிக்கலாம்.

இரண்டாவது, பாசி தண்ணீரிலுள்ள ஈயம், ஆர்சனிக் போன்ற கன உலோகங்களைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். தொழிற்பேட்டைக்குப் பக்கத்து நிலத்தடி நீரையோ, மலிவான விவசாய உரத்தையோ பரிசோதிக்காமல் உணவுக்கான தொட்டியில் சேர்ப்பது சரியில்லை. விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும்.

எப்போது ஆரம்பிப்பது

தை பிறந்ததும். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், கத்திரி வருவதற்குள் தொட்டி அடர்ந்து தனக்குத்தானே நிழல் தரும் நிலைக்கு வந்துவிடும். பங்குனியில் வலை ஏற வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகைதான் இந்தக் கரைக்கு உண்மையான சோதனை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. நம் தொட்டியின் தண்ணீரே 20 செ.மீ.தான். திறந்து கிடந்தால் சோடாவும் பாசியும் வாய்க்காலோடு போயிருக்கும். மிச்சம் நிற்பது ஏறத்தாழ நல்ல தண்ணீர், அதில் கண்ட பாசியும் ஏறிக்கொள்ளும். புற ஊதாக்கதிர் தாங்கும் பாலித்தீன் கூரையைச் சாய்வாகப் போடலாம். ஆனால் 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரில் என்ன செய்தது என்று பார்த்தவர்கள் கூரையை நம்பி உட்கார மாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கூரைத்தாளை அவிழ்த்துச் சுருட்டி வையுங்கள். தொட்டியை வடித்து, பாசியை எடுத்துவிட்டு, முடிந்த அளவு கலவைத் தண்ணீரை மூடியுள்ள டிரம்களுக்கு மாற்றுங்கள். 20 லிட்டர் தாய்ப்பாசியை மட்டும் இரண்டு கேன்களில் பிரித்து, வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்து, சின்னக் காற்றுமோட்டார் போட்டுவிடுங்கள். மின்சாரம் நின்றால் ஒரு நாளைக்கு நாலைந்து முறை கையால் குலுக்கினால் போதும், குளிர்ந்த மங்கலான வெளிச்சத்தில் அது பல நாள் தாங்கும்.